ஒரு சாண் சாய்வு

கரி ஒட்டிவிட்டதா தம்பி? அடடா, வெள்ளைச் சட்டை. தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். ஊதுங்கள். அப்படித்தான். அந்த வளைவில் டிரைவர் ஒரு வெட்டு வெட்டினான் பாருங்கள், என் பை உங்கள்மேல் சாய்ந்துவிட்டது. பையில் என்னவா? முருங்கைக் கம்பு. நடுவதற்குக் கொண்டுபோகிறேன்.

முருங்கைக் கம்பில் ஏது கரி என்று கேட்கிறீர்கள். சரிதான். என் ஊரில் யாரும் இப்படித் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நான் வாயைத் திறந்தாலே பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு கேள்வி எதற்கு? என் பெயர் ஆவுடையப்பன். ஊரில் வழங்குகிற பெயர் அளப்பு ஆவுடையப்பன். கதை அளக்கிறவன் என்று அர்த்தம். எங்கள் அப்பா ஏறிய பனையில் ஏறத் தொடங்கும்போது அமாவாசை, இறங்கி வரும்போது பௌர்ணமி என்று ஒருநாள் சொன்னேன். அதிலிருந்து அந்தப் பெயர். உயரமான பனை தம்பி. சும்மா இல்லை.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்?

ஆலடி விலக்கா?

ஒன்றுமில்லை. நானும் அங்கேதான். இன்னும் அரை மணி நேரம் ஆகும். சரி, பையைத் திறந்தே காட்டுகிறேன். சொக்கப்பனைக் குச்சி. நேற்றுத் திருக்கார்த்திகை இல்லையா? உங்களுக்கு எந்த ஊர், சென்னையா? அங்கே வாசலில் அகல் வைப்பதோடு சரி. எங்கள் கள்ளிவிளையில் முருகன் கோயிலுக்கு முன்னால் ஒரு பனையையே நிறுத்துவோம். உயிர்மரம் இல்லை. பட்டுப்போன மரம், உள்ளே பொக்கையானது. அதைக் குழியில் நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையை அடுக்கடுக்காகக் கட்டுவோம். பொழுது அடைந்ததும் சாமி புறப்பட்டு வந்து எதிரே நிற்கும். பூசாரி தீ வைப்பார். பற்றிக்கொண்டால் பார்க்கணும்! ஓலை வெடிக்கிற சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். பொறி மேலே போய் நட்சத்திரத்தோடு கலந்துவிடும். எது பொறி, எது நட்சத்திரம் என்று விடிந்த பிறகுதான் பிரிக்க முடியும்.

கொஞ்ச நேரத்தில் அடிமரம் வெந்து மரம் சாய்ந்து விழும். ஆண்கள் ஓடிப்போய், எரிந்தும் எரியாததுமான குச்சிகளை இழுத்து வருவார்கள். வீட்டுக்கு ஒரு குச்சி. வயல் உள்ளவன் வயல் மூலையில் ஊன்றுவான், பூச்சி அண்டாது. வயல் இல்லாதவன் கூரையில் செருகுவான். ஆண் வெளியூர் போயிருந்தால் அந்த வீட்டுப் பெண் தாம்பாளம் எடுத்து வருவாள், குழி வெட்டினவன் கையால் கொடுக்க வேண்டும். குச்சி கிடைக்காத வீடு என்று ஒன்று இருக்கக் கூடாது. இது வழக்கம். இதில் அளப்பு கிடையாது.

குழி வெட்டுகிறவன் நான்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது தம்பி. குழியை நேராக வெட்டக் கூடாது. விழ வேண்டிய பக்கத்துச் சுவரை ஒரு சாண் சரிவாக எடுத்து, மரத்தை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துக் கெட்டிக்க வேண்டும். ஓலை கட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. எரிந்ததும் ஆள் இல்லாத பக்கமாகப் போய் விழும். ஊருக்கு இது தெரியாது. யாருக்கும் காயமில்லாமல் முருகன் பார்த்துச் சாய்க்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் சொல்லவில்லை. முருகனுக்குப் போகிற பேரை நான் எதற்குப் பிடுங்க வேண்டும்?

வழக்கமாகக் கிழக்கே சாய்ப்பேன். அங்கே பொட்டல். பதினோரு வருஷத்துக்கு முந்தி அந்தப் பொட்டலில் தகரக் கூரை போட்டுக் கலையரங்கம் கட்டிவிட்டார்கள். மேற்கே கோயில். வடக்கே ரோடும் கரண்டுக் கம்பியும். மிச்சம் தெற்குதான். தெற்கே ஒரு காலி மனை, அதைத் தாண்டி ஒரே ஒரு வீடு. செண்பகவல்லி வீடு.

தையல்காரி. புருஷன் லாரியில் போகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் மிஷின் சத்தம்தான் அந்தத் தெருவுக்கே மணிக்கூண்டு. அதிர்ந்து பேச மாட்டாள். என்னை அண்ணாச்சி என்பாள். நான் அளக்கிற கதைகளுக்கு ஊரே கெக்கலி கொட்டும்போது, வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, "அப்புறம் அண்ணாச்சி?" என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அப்புறம் என்று கேட்டால் போதுமே எனக்கு.

அந்த வருஷம் கந்தசஷ்டி முடிந்து பார்த்தால் சாமியின் வெள்ளி வேல் காணோம். முழங்கை நீளம் இருக்கும். கோயில் முழுக்கத் தேடியாயிற்று. சஷ்டிக்கு மயில் வாகனத்துக்குப் புதுப் போர்வை தைத்தது செண்பகவல்லி. அளவெடுக்க நாலு நாள் வாகனக் கொட்டகைக்குள் போய் வந்திருந்தாள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மனதில் வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியுமா என்றால், தெரியாது. தெரியும். அதாவது, தெரிந்தது அப்போது நினைப்பில் இல்லை.

கார்த்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீக்கடையில் பேச்சு. கோயில் கமிட்டித் தலைவர் அய்யம்பெருமாள், "போலீசுக்குப் போவமா?" என்றார். எல்லாரும் வேண்டாம் என்று முனகினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. யாருக்கும் எழுந்து போக முடியாது. அப்படி ஒரு கூட்டம் சிக்கினால் எனக்கு நாக்கு அரிக்கும் தம்பி.

"போலீசு எதுக்கு? கார்த்திகை வருதுல்லா? சொக்கப்பனை சொல்லிரும்" என்றேன்.

"என்னத்தவே சொல்லும்?"

"எங்க பூட்டன் காலத்துல கோயில் மணி களவு போச்சு. அந்த வருசம் சொக்கப்பனை எந்தத் தெசையில தலை சாஞ்சுதோ, அந்தத் தெசையில நேரா நடந்து போனானுவ. மொத வீட்டு உரலுக்குள்ள கெடக்கு மணி. தொட்டா சுடுது!"

"மொத வீடு ஒம் பூட்டன் வீடுதானவே?" என்றார் அய்யம்பெருமாள். கடையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் பூட்டன் பேரே எனக்குத் தெரியாது. ஆனால் தொட்டால் சுட்டது என்று போட்டேன் பாருங்கள், அந்த இடம் எனக்கே பிடித்திருந்தது.

டீ குடித்தோம், மழை விட்டது, மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன் தம்பி. குழி வெட்டும்போது என் மண்டையில் இருந்தது கலையரங்கத்துத் தகரம் மட்டும்தான். தெற்குச் சுவரை ஒரு சாண் சரிவாக எடுத்தேன்.

அன்றைக்கு நல்ல காற்று. மரம் மளமளவென்று எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அடிமரம் வெந்து ஒரு முனகல் முனகியது. நான் சாய்த்தபடியே, பிசகாமல், தெற்கே போய்ப் படுத்தது.

குலவை நின்றுவிட்டது.

யாரும் குச்சிக்கு ஓடவில்லை. எல்லா முகமும் தெற்கே திரும்பியது. வாசலில் அகல் ஏற்றிவைத்த அந்த ஒற்றை வீட்டை ஊர் மொத்தமும் பார்த்தது. எனக்கு டீக்கடைக் கதை அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். திறக்கத்தான் போனேன். அதற்குள் அய்யம்பெருமாள் என் தோளைப் பிடித்தார். "எய்யா ஆவுடையப்பா, ஒம் பூட்டன் சொன்னது பலிச்சிட்டே!"

அளப்பு என்று சொல்லவில்லை. ஆவுடையப்பா என்றார்.

அறுபது வயதுவரைக்கும் நான் சொன்ன ஒரு சொல்லை ஒரு ஆள் நம்பியது கிடையாது. மணி என்ன என்று என்னிடம் கேட்டுவிட்டு, பக்கத்து ஆளிடம் சரிபார்ப்பார்கள். இப்போது ஊரே என்னைப் பார்க்கிறது, வாயைப் பிளந்துகொண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? மீசையைத் தடவினேன். ஒரே ஒரு தடவல். இந்தக் கையால்தான்.

பிறகு குச்சி பங்கிட்டோம். செண்பகவல்லி தாம்பாளத்தோடு வந்து வரிசையில் நின்றாள். மரம் விழுந்தபோது வீட்டுக்குள் இருந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் முன்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள், பின்னால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள், அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது. என் கையில் கடைசிக் குச்சி. தாம்பாளத்தை நீட்டினாள். கொடுக்காதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை தம்பி. அதுதான். ஒருத்தர் சொல்லியிருந்தால் அவர்மேல் பழி போடலாம். நான் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன். பிறகு அந்தக் குச்சியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தீந்து போச்சு" என்றேன்.

இடுப்பில் குச்சி சுடுகிறது. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

மறுநாள் காலையில் குழியடியில் வந்து நிற்கிறாள். இரவே யாரோ ஒரு புண்ணியவதி அவள் காதில் விஷயத்தைப் போட்டிருக்கிறாள். அழுது வீங்கிய முகம். ஆனால் கையில் இஞ்சு டேப்பு. டேப்பின் ஒரு முனையில் கத்தரிக்கோலைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற மாதிரி குழிக்குள் தொங்கவிட்டாள். அடிக்கட்டையை நான் காலையிலேயே பிடுங்கிப் போட்டிருந்தேன், குழி திறந்து கிடந்தது.

"இங்க பாருங்க அண்ணாச்சி. வடக்குச் சுவரு டேப்போட ஒட்டி எறங்குது. தெக்குச் சுவரு பாருங்க, ஒரு சாண் வெளிய போகுது. துணி வெட்டுறவளுக்குச் சாய்வு தெரியாதா? நீங்கதான வெட்டுனிய?"

"நாந்தான் தாயி."

"எம்மேல எதும் கோவமா?"

"ஐயையோ. கலையரங்கத்துத் தகரத்துல விழுந்துரக் கூடாதேன்னு..."

அவளுக்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தாள். "அது போதும் அண்ணாச்சி. இத ஒரு வார்த்த கடையில வச்சுச் சொல்லிருங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"இப்பவே சொல்லுதேன்" என்று கிளம்பினேன். நேராகக் கடைக்குத்தான் போனேன். நடுவில் எங்கும் நிற்கவில்லை.

கடையில் என்ன நடந்தது என்றால், நான் படியேறியதும் அய்யம்பெருமாள் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். கமிட்டித் தலைவர், எழுந்து. டீ, கேட்காமலே வந்தது. ஏலக்காய் போட்டது. "ஒம் பூட்டன் வேற என்னல்லாம் சொல்லியிருக்காரு?" என்று கேட்டார். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், குழி விஷயத்தை. முதலில் பூட்டன் விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒன்று இரண்டாயிற்று. உச்சி வெயில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை தம்பி. நடுநடுவே "அப்புறம்?" என்று கேட்டார்கள்.

திரும்பி வரும்போது குழியை மூடிவிட்டேன்.

கோயில் வாசலில் குழி திறந்து கிடந்தால் ஆடு குட்டி விழாதா? அதற்காகத்தான் மூடினேன். மண் தள்ளி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினேன். ஆட்டுக்கு இவ்வளவு கெட்டியாக எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை.

சாயங்காலம் தெருப் பெண்கள் இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் செண்பகவல்லி, குழியைக் காட்ட. கையில் அதே டேப்பு, அதே கத்தரிக்கோல். தரை மட்டமாக இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். எதிரே கல்லில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். ஒரு வசவு வைதிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு, தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகளை ஒவ்வொருத்தியாக வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். "அவசரமில்ல, அப்புறமா தாரேன்" என்பார்கள். திருடி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எங்கள் ஊர் நல்ல ஊர். பொங்கலுக்கு முந்தின வாரம், பகலும் இரவும் ஓட வேண்டிய மிஷின், சத்தமே இல்லை. தை மாதத்தில் புருஷன் வந்து லாரியில் சாமானை ஏற்றினான். மிஷினைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. நான் கலையரங்கத்துத் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன். இடுப்பு வலி அப்போது எனக்கு. நிஜமாகவே வலி.

நாலு வருஷம் கழித்து மயில் வாகனத்துக்கு வயிற்றுப் பலகை உளுத்துப்போனது என்று ஆசாரி வந்து கழற்றினார். கழுத்தடியில் ஒரு பொந்து, உள்ளே வயிறு காலி. அதற்குள் கிடக்கிறது வேல். சஷ்டியன்று சாத்தினது, நழுவி உள்ளே போயிருக்கிறது. யாரும் எடுக்கவில்லை தம்பி. யாருமே எடுக்கவில்லை.

ஊரில் கொண்டாட்டம். வேலுக்குப் பாலாபிஷேகம், எல்லாருக்கும் பஞ்சாமிர்தம். செண்பகவல்லி என்ற பேர் யார் வாயிலும் வரவில்லை. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்து நடுவில் எழுந்தேன். "அன்னைக்கு மரம் தானா சாயல. நாந்தான் குழியச் சாய்ச்சு வெட்டுனேன். பூட்டன் கதை நான் விட்ட கதை. அந்தப் பிள்ளைக்கு நாம அநியாயம் பண்ணிட்டோம்" என்றேன். கை கூப்பித்தான் சொன்னேன்.

பிறகு அய்யம்பெருமாள் சிரித்தார் பாருங்கள். "அளப்பு புதுசா ஒண்ணு அவுத்து விடுதான்! குழியச் சாய்ச்சானாம், மரம் சாஞ்சுதாம். ஏவே, வாகனக் கொட்டகையும் கோயிலுக்குத் தெக்கதான இருக்கு? சொக்கப்பனை சரியாத்தான் காட்டியிருக்கு, நமக்குத்தான் பாக்கத் தெரியல. ஒம் பூட்டன் பெரிய மனுசன்வே. நீதான் அவருக்கு இப்பிடிப் பொறந்திருக்க."

பூட்டன் ஜெயித்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் ஊரில் மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நான் அந்த வருஷத்திலிருந்து, தகரத்தில் படாமல் கொஞ்சம் தென்கிழக்கே திருப்பி, என் வீட்டுப் பக்கமாகவே சாய்த்து வெட்டுகிறேன். என்மேலேயே சந்தேகப்படட்டும் என்று. "அளப்பு வீட்டுல களவாண்டு வைக்க என்ன இருக்கு? வெறும் கதை மூட்டதான்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். தண்டனைகூட எனக்கு வாய்க்கவில்லை தம்பி.

அப்போதிருந்து, கார்த்திகை மறுநாள் இந்தக் காலை பஸ்ஸில் வருவேன். ஆலடி விலக்கில் இறங்கினால் எதிரே நீல ஷட்டர். அவள் கடைதான். அவள் வீட்டுக் குச்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "வாங்க அண்ணாச்சி" என்று ஸ்டூல் எடுத்துப் போடுவாள். சுக்குக் காபி போட்டுத் தருவாள், பனங்கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாக. "பழசெல்லாம் எதுக்கு, விடுங்க" என்பாள். மனசு பெரிய மனசு. போன வருஷம்கூட...

என்ன கண்டக்டர்? ஆமாம், டிக்கெட் எடுத்தாச்சே.

"அதக் கேக்கல பெருசு. இந்த வருசமாவது விலக்குல எறங்குவீரா, இல்ல எப்பவும் போல கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி, இதே பஸ்ல திரும்பி வருவீரா? ஏழு வருசமா பாக்கேன், பையத் தூக்கிட்டு வாரீரு, பையத் தூக்கிட்டுப் போறீரு."

போய்விட்டானா? சின்னப் பயல். வாய் ஜாஸ்தி.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம். சுக்குக் காபி கிடையாது. ஸ்டூலும் கிடையாது. ஸ்டூலை நான் போட்டேன், கருப்பட்டியையும் நானே போட்டேன். ஒரு குச்சி என்றால் பை ஏன் இவ்வளவு கனம் என்று நீங்கள் முதலிலேயே கேட்டிருக்கலாம். எல்லா வருஷத்துக் குச்சியும் இதில்தான் இருக்கிறது. அடியில் இருக்கிறதே, நுனி மட்டும் கருகினது, அதுதான் அன்றைக்கு இடுப்பில் செருகினது.

ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் இறங்குகிற இடம்தானே. இந்தப் பையை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுங்கள். யார் கொடுத்தது என்று கேட்பாள். குழி வெட்டினவன் என்று சொல்லுங்கள். சாய்த்து வெட்டினவன், மூடினவன் என்று சொல்லுங்கள். ஆடு விழும் என்று மூடியதாகச் சொல்லாதீர்கள். வெறுமே மூடினவன் என்று சொன்னால் போதும்.

நானே போய்ச் சொன்னால் என்னவா? நம்ப மாட்டாள் என்று பயமில்லை. ஊரே நம்பாது, அவள் நம்புவாள். அளந்து பார்த்தவள் இல்லையா? உலகத்தில் நான் சொல்லி நம்பக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான் தம்பி. அதனால்தான் கால் வர மாட்டேன் என்கிறது.

விசில் கொடுத்துவிட்டான், எழுந்திருங்கள். பையை விலக்கிப் பிடியுங்கள், சட்டையில் மறுபடியும் பட்டுவிடப் போகிறது. அதோ, ஷட்டரைத் தூக்குகிறாளே, கழுத்தில் டேப்பு தொங்குகிறதே, அவள்தான். தலை நரைத்துவிட்டது. பஸ்ஸைப் பார்க்கிறாள். இந்த ஜன்னலைத்தான் பார்க்கிறாள்.

தம்பி, இறங்கும்போது கொஞ்சம் இந்தப் பக்கமாக நின்று, என்னை மறைத்தாற்போல இறங்குங்கள்.